விழாக்கோலம்: ஓர் ஆங்கிலச் சொல்லும் கம்பம் பள்ளத்தாக்கும்

‘ஃபெஸ்டிவ்’ என்பது கொண்டாட்டத்தைக் குறிக்கும் ஆங்கிலப் பெயரடை. விழாவுக்கு உரிய, விழாவின் மகிழ்ச்சி நிறைந்த என்பது அதன் நேர்ப்பொருள். இந்தச் சொல் விழா நாளைக் குறிக்கும். விழா நாளைப் போலத் தோன்றும் எதையும் குறிக்கும். தீபாவளியன்று விளக்கேற்றிய வீடு ஃபெஸ்டிவ். பண்டிகை ஏதும் இல்லாத ஒரு சாதாரண நாளில் உறவுக்காரர்கள் கூடி, சமையற்கட்டில் வாசனை எழுந்து, திண்ணையில் சிரிப்புச் சத்தம் கேட்டால் அந்த வீடும் ஃபெஸ்டிவ்தான். காரணத்தைவிட நிலையைச் சொல்லும் சொல் அது.

இதன் வேர் லத்தீன் மொழியில் உள்ளது. ‘ஃபெஸ்டும்’ என்றால் விழா நாள், விருந்து நாள். அதிலிருந்து வந்த பெயரடையே 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குச் சென்றது. விருந்தைக் குறிக்கும் ‘ஃபீஸ்ட்’, விழாவைக் குறிக்கும் ‘ஃபெஸ்டிவல்’, ஸ்பானியர்களின் ‘ஃபியஸ்டா’ ஆகியவை ஒரே வேரில் கிளைத்தவை. தோரணத்தைக் குறிக்கும் ‘ஃபெஸ்டூன்’ என்ற சொல்லும் இதே குடும்பம்தான். விழா என்றதும் சாப்பாடும் தோரணமும் நினைவுக்கு வருவது தமிழருக்கு மட்டும் உரிய பழக்கம் அல்ல என்பதற்கு இந்தச் சொற்குடும்பமே சாட்சி.

ஆங்கிலத்தில் அன்றாடம் இந்தப் பெயரடை சில பெயர்களோடு சேர்ந்தே வரும். பண்டிகைக் காலம், பண்டிகை உற்சாகம், விழா உடை, விழா விருந்து போன்றவற்றைச் சொல்லும்போது அது முன்னால் வந்து நிற்கும். பிரிட்டனில் ‘ஃபெஸ்டிவ் சீசன்’ என்றால் கிறிஸ்துமஸை ஒட்டிய நாட்கள். இந்தியாவில் அதே தொடர், நவராத்திரி தொடங்கித் தீபாவளி வரை நீளும் வியாபாரக் காலத்தைக் குறிக்கும். ‘செலிப்ரேட்டரி’ என்ற சொல் இதற்கு நெருக்கமானது, ஆனால் ஒன்றல்ல. தேர்வில் வென்றதற்காக, பந்தயத்தில் ஜெயித்ததற்காக நடக்கும் செயலோடு அது ஒட்டும். ஒரு வெற்றியைப் பாராட்டிக் கொடுக்கும் விருந்து ‘செலிப்ரேட்டரி’. அந்த விருந்து நடக்கும் கூடத்தின் கலகலப்பு ‘ஃபெஸ்டிவ்’.

ஒற்றைச் சொல் தேவைப்படாத மொழி

ஆங்கிலம் தமிழ் அகராதிகள் இந்தப் பெயரடைக்கு ‘விழாவுக்குரிய’, ‘மகிழ்ச்சி நிறைந்த’ என்பதுபோல் பொருள் தரும். இரண்டும் பிழையல்ல. ஆனால் தேனி பேருந்து நிலையத்தில் நிற்கும் ஒருவர் வாயிலிருந்து ‘ஊர் விழாவுக்குரியதாக இருக்கிறது’ என்ற வாக்கியம் ஒருநாளும் வராது.

இதற்குக் காரணம் மொழியின் அமைப்பு. ‘நல்ல’, ‘புதிய’ போன்ற தனிப் பெயரடைகள் தமிழில் குறைவு. ஒரு பெயரை இன்னொரு பெயருக்கு முன்னால் நிறுத்தி, தேவையான இடத்தில் ஒற்றைச் சேர்த்தாலே பெயரடையின் வேலை முடிந்துவிடும். பண்டிகைக் காலம், விழாக்காலத் தள்ளுபடி, திருவிழாக் கூட்டம், பண்டிகை முன்பணம் எல்லாம் அப்படி அமைந்தவை. ‘பண்டிகைக் காலம்’ என்பதில் உள்ள அந்தச் சிறிய ‘க்’, ஆங்கிலத்தில் ஒரு முழுச் சொல் செய்யும் வேலையைச் செய்கிறது.

இன்னொரு காரணம் பார்வையில் உள்ளது. ஆங்கிலம் ஊர், வீடு, முகம், காலம் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. தமிழ் அவற்றைப் பிரித்துப் பார்க்கிறது. ஊருக்குக் கோலம், வீட்டுக்கு விசேஷம், முகத்துக்குக் களை, கூட்டத்துக்குக் கலகலப்பு, நாளுக்கு நல்லநாள் என ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அதன் கிளையான மேகமலைக்கும் நடுவே முல்லைப் பெரியாறு பாயும், தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் இந்தச் சொற்கள் அத்தனையும் அன்றாடப் புழக்கத்தில் உள்ளன.

ஊருக்குக் கோலம்

‘ஊரே விழாக்கோலம் பூண்டது’ என்பது செய்தித்தாள்களில் அடிக்கடி வரும் தொடர். பலமுறை அச்சேறிவிட்டதால் இதன் அழகை யாரும் நின்று பார்ப்பதில்லை. கோலம் என்றால் தோற்றம், வடிவம், ஒப்பனை. மணக்கோலம், தவக்கோலம், வாசலில் போடும் கோலம் எல்லாவற்றிலும் உள்ளது இதே சொல்தான். பூணுதல் என்றால் அணிதல். ஒரு பெண் நகை பூணுவதுபோல ஊர் விழாவைப் பூணுகிறது. ஊரை ஓர் ஆளாகப் பார்க்கும் தொடர் இது.

இந்தப் பார்வை மிகப் பழையது. சிலப்பதிகாரத்தில் ‘இந்திர விழவூரெடுத்த காதை’ என்று ஒரு பகுதி உண்டு. மணிமேகலையின் முதல் காதைக்கே ‘விழாவறை காதை’ என்று பெயர். காவிரிப்பூம்பட்டினத்தில் 28 நாள் நடக்கும் இந்திர விழாவை முரசறைந்து அறிவிப்பவன், ஊரை எப்படி மாற்ற வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறான். வீதியில் கிடக்கும் பழைய மணலை அள்ளிவிட்டுப் புதுமணல் பரப்ப வேண்டும். தோரணம் கட்ட வேண்டும். வாழையும் கரும்பும் நட வேண்டும். விழா என்பது முதலில் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று அந்தக் காப்பியம் நினைக்கிறது. இன்றும் கல்யாண வீட்டு வாசலில் குலை தள்ளிய வாழை இரண்டு நிற்பதைப் பார்த்தால், அந்த முரசுச் செய்தி இன்னும் நடப்பில் இருப்பது விளங்கும்.

தேனிக்கு அருகில் முல்லைப் பெரியாற்றங்கரையில் உள்ள வீரபாண்டி, ஆண்டுக்கு ஒருமுறை இந்தக் கோலத்தை முழுமையாகப் பூணும் ஊர். கண்பார்வை இழந்த பாண்டிய மன்னன் ஒருவன் இங்கே கௌமாரியம்மனை வழிபட்டுப் பார்வை பெற்றான் என்பது தலபுராணம். கௌமாரியம்மன் கோயிலின் சித்திரைத் திருவிழா பெரும்பாலும் மே மாதத்தில், ஒரு செவ்வாயில் தொடங்கி அடுத்த செவ்வாயில் முடியும். நடுவில் வரும் வெள்ளிக்கிழமை தேரோட்டம். அதற்காக மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம்.

திருவிழா தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே கோயில் முன்பு மூன்று கிளை உள்ள மரக்கம்பம் நடப்படும். அன்று முதல் ஆற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் வரும். மஞ்சள் சேலை கட்டிய பெண்கள் ஈரம் சொட்டச் சொட்டக் கரையேறி வந்து, கம்பத்தின் மேல் தண்ணீரை ஊற்றிக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். எட்டு நாளும் அக்னிச்சட்டி, மாவிளக்கு, ஆயிரங்கண் பானை, காவடி என நேர்த்திக்கடன்கள் இரவும் பகலும் ஓயாமல் நடக்கும். சட்டியில் வேப்பிலை செருகியிருக்கும். உள்ளே கங்கு கனன்று கொண்டிருக்கும். ஏந்தி வருபவர் முகத்தில் வேர்வையும் திருநீறும் கலந்திருக்கும். ஒருபுறம் உருமிச் சத்தம், மறுபுறம் ராட்டினத்தில் பிள்ளைகள் போடும் கூச்சல். பக்தியும் வேடிக்கையும் வியாபாரமும் ஒரே தெருவில் நடக்கும் இந்த நிலைக்கு ‘விழாக்கோலம்’ என்ற சொல் சரியாகப் பொருந்தும்.

சாமி கும்பிடு

திருவிழா என்பது பெரிய கோயிலுக்கும் அச்சிட்ட அழைப்பிதழுக்கும் உரிய சொல். தேனி, மதுரை வட்டாரக் கிராமங்களில் அதையே மக்கள் ‘சாமி கும்பிடு’ என்கிறார்கள். கும்பிடு என்ற வினையே இங்கே விழாவின் பெயராகிவிட்டது. ‘பொங்கல்’ என்றும் சொல்வார்கள். தைப்பொங்கலுக்கு மட்டும் உரிய பெயராக இதை எடுத்துக்கொண்டால் குழப்பம் வரும். மாரியம்மன் பொங்கல், காளியம்மன் பொங்கல், ஊர்ப் பொங்கல் என எந்த மாதத்திலும் பொங்கல் வரும். இதையே நெல்லைச் சீமையில் கொடை என்பார்கள். கொங்கு நாட்டில் நோம்பி என்பார்கள்.

விழாவுக்கு முன்னால் வருவது ‘சாட்டு’. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி நாள் குறித்து அறிவிப்பதுதான் சாமி சாட்டுதல். சாட்டிய நாளிலிருந்தே ஊரின் நடை மாறிவிடும். முளைப்பாரி போடுவார்கள், காப்புக் கட்டுவார்கள், வெளியூரில் இருக்கும் சொந்தங்களுக்குச் சொல்லி அனுப்புவார்கள். கோயமுத்தூரிலோ திருப்பூரிலோ வேலை பார்க்கும் தங்கை வீட்டுக்காரருக்கு அண்ணன் இப்படி அழைப்பு வைப்பார்:

“மாப்ள, வர்ற செவ்வாக்கெழம ஊர்ல பொங்கல் சாட்டியிருக்கு. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டு முந்துன நாளே வந்துரணும், ஆமா.”

இதில் மகிழ்ச்சி, உற்சாகம் என்ற சொற்கள் எதுவும் இல்லை. ‘முந்துன நாளே’ என்பதில் எல்லாம் அடங்கிவிடுகிறது. விழா என்றால் ஆள் வந்து சேர்வது என்பதே இதன் உட்பொருள். ஆங்கிலத்தில் ‘செலிப்ரேட்’ என்ற வினையின் லத்தீன் மூலத்துக்கும் திரளாகக் கூடுதல் என்ற பொருள் உண்டு.

கொண்டாடு என்ற தமிழ் வினையையும் இங்கே பார்க்க வேண்டும். கொள், ஆடு என்ற இரண்டு வினைகள் சேர்ந்த சொல் அது. பண்டிகையைக் கொண்டாடுவது அதன் ஒரு பயன்பாடு மட்டுமே. ‘பேரப்பிள்ளையைத் தலையில வச்சுக் கொண்டாடுறாங்க’ என்றால் சீராட்டுவது. ‘சொந்தம் கொண்டாடுவது’, ‘உரிமை கொண்டாடுவது’ என்றால் தனக்குரியது என்று நெருங்கி வருவது. கொண்டாட்டம் என்ற சொல்லில் ஒன்றைத் தனதாக ஏற்று மகிழும் பொருள் இருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழிலும் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் பேச்சிலும் பிறந்தநாள், கல்யாணம் போன்ற குடும்ப நிகழ்ச்சிகளுக்கே கொண்டாட்டம் என்ற பெயர் புழங்குகிறது.

வீட்டுக்கு விசேஷம்

குடும்பத்தில் நடக்கும் மகிழ்ச்சியான நிகழ்ச்சிக்குத் தமிழகம் முழுவதும் ‘விசேஷம்’ என்ற சொல் உண்டு. ‘என்ன விசேஷம்?’ என்று கேட்டால் ஏதாவது நல்ல செய்தி உண்டா என்று பொருள். புதிதாகக் கல்யாணமான பெண்ணிடம் கேட்டால் அதற்குத் தனிப் பொருளே உண்டு. ‘விசேஷ வீடு’ என்பது பந்தல் போட்டு, சீரியல் லைட் மாட்டி, மைக் செட்டில் பாட்டுப் போடும் வீடு. ஆங்கிலப் பெயரடை வீட்டுக்கு முன்னால் நின்றால், அதற்கு மிக நெருங்கிய தமிழ் இதுதான்.

தேனி, உசிலம்பட்டிப் பக்கத்தில் இதற்கு இன்னொரு சொல் உண்டு. அது ‘தேவை’. ‘நம்ம வீட்ல ஒரு தேவை வச்சிருக்கோம்’ என்றால் காதுகுத்தோ, பூப்புனித நீராட்டோ, கல்யாணமோ நடக்கப் போகிறது என்று அர்த்தம். வெளியூர்க்காரருக்கு இந்தச் சொல் விளங்காது. என்ன வேண்டும் என்று கேட்பார். தேவை வைப்பவருக்கு அன்று ஊரும் உறவும் வேண்டும். அவர்கள் செய்யும் மொய்யும் சீரும் வேண்டும். நாளை அவர்கள் வீட்டுத் தேவைக்கு இவர் செய்வார். இந்தக் கொடுக்கல் வாங்கலுக்குச் செய்முறை என்று பெயர். பந்தலின் ஓரத்தில் மேசை போட்டு, நோட்டில் பேரும் ஊரும் தொகையும் எழுதுவது கொண்டாட்டத்துக்குப் புறம்பான காரியமாகச் சிலருக்குத் தோன்றலாம். அந்த வட்டார மக்களுக்கு அது கொண்டாட்டத்தின் ஒரு பகுதி. ‘அவங்க தேவைக்கு நம்ம போகாம இருக்க முடியாது’ என்ற பேச்சில் கணக்கும் உண்டு, பாசமும் உண்டு.

சாப்பாட்டுக்கும் தனிச் சொற்கள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் ‘ஃபெஸ்டிவ் மீல்’ என்று வருவதை இங்கே விருந்து என்றாலே போதும். கோயில் காரியமாக இருந்தால் கிடாவெட்டு. வீட்டுக்கு வந்த மருமகனுக்கு என்றால் கறிவிருந்து. ‘விழாவுக்குரிய உணவு’ என்று யாரும் சொல்வதில்லை.

முகத்துக்கும் கடைவீதிக்கும் களை

களை என்றால் ஒளி, பொலிவு. ‘பிள்ளை முகத்தில் நல்ல களை’ என்று முகத்தைச் சொல்லும் இதே சொல், ‘களை கட்டியது’ என்று வரும்போது கடைவீதியையும் ஊரையும் சொல்கிறது. தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது கம்பத்திலும் தேனியிலும் துணிக்கடைத் தெருக்கள் களை கட்டும். ஆண்டிபட்டி சக்கம்பட்டியில் கைத்தறிச் சேலை நெய்பவர்களுக்கு அந்தக் களை சில மாதம் முன்பே வந்துவிடும். தறி ஓயாமல் ஓட வேண்டிய காலம் அது.

பள்ளத்தாக்கில் பண்டிகை வருவதைப் பூ விலை சொல்லிவிடும். சின்னமனூருக்கும் தேனிக்கும் இடையில் உள்ள சீலையம்பட்டிப் பூ மார்க்கெட்டில் மல்லிகை, சம்பங்கி, செண்டுப்பூ எல்லாம் விற்பனைக்கு வரும். முகூர்த்த நாள், ஆயுதபூஜை, பொங்கல் நெருங்கினால் விலை ஏறும். மலைக்கு அந்தப் பக்கம் ஓணம் வந்தாலும் ஏறும். கேரளத்து வாசல்களில் போடும் அத்தப்பூக் கோலத்துக்குத் தேவையான பூ, எல்லை தாண்டித் தமிழகத்திலிருந்துதான் பெருமளவு செல்கிறது. ஒரு மாநிலத்தின் பண்டிகை இன்னொரு மாநிலத்து விவசாயியின் வீட்டில் களை கட்டுகிறது.

ஓய்விலும் களை உண்டு. விடியற்காலையில் கம்பம், கூடலூர், போடிப் பக்கத்து ஊர்களிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்புகளில் ஆட்கள் மலையேறுவார்கள். கையில் தூக்குவாளி, தலையில் துண்டு, நெருக்கிப் பிடித்து உட்கார்ந்த பயணம். பொங்கலன்றும் தீபாவளியன்றும் அந்த ஜீப்புகள் பெரும்பாலும் தெருவிலேயே நிற்கும். அன்றாடம் இருட்டோடு கிளம்பிப் போகும் அம்மா, விடிந்தபிறகும் வீட்டில் இருக்கிறாள் என்பதே ஒரு குழந்தைக்குப் பண்டிகையின் முதல் அடையாளம்.

கூட்டத்துக்குக் கலகலப்பு

ஒலியைக் கொண்டு கொண்டாட்டத்தைச் சொல்வது தமிழின் தனி வலிமை. ‘ஊரே ஜேஜேன்னு இருக்கு’ என்றால் கூட்டமும் மகிழ்ச்சியும் சேர்ந்து காதில் விழுகிறது. ‘வீடு கலகலன்னு இருக்கு’ என்றால் பேச்சும் சிரிப்பும் நிறைந்த வீடு. கோலாகலம் என்ற சொல் வடமொழியில் பேரிரைச்சலைக் குறித்தது. தமிழில் அது ஆடம்பரமான கொண்டாட்டமாகிவிட்டது. அமர்க்களம் என்றால் போர்க்களம். ‘கல்யாணத்தை அமர்க்களமா நடத்திட்டார்’ என்று சொல்லும்போது அந்தப் போரின் ஆரவாரம் மட்டும் எஞ்சி நிற்கிறது. தடபுடல் விருந்துக்கும் ஏற்பாட்டுக்கும் உரியது.

சத்தம் இல்லாத விழாவும் உண்டு. கூடலூருக்கு மேலே, தமிழக கேரள எல்லையில் உள்ள மலை உச்சியில் மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. பெரியாறு புலிகள் காப்பகக் காட்டுக்குள் உள்ள இந்தக் கோயிலுக்கு ஆண்டில் ஒரே ஒரு நாள், சித்திரைப் பௌர்ணமியன்று, பகலில் மட்டும் மக்கள் செல்லலாம். பளியங்குடியிலிருந்து நடந்தும் குமுளியிலிருந்து ஜீப்பிலும் ஏறுவார்கள். ஏற்பாடுகளைத் தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் சேர்ந்து பேசி முடிவு செய்யும். பிளாஸ்டிக் கொண்டு போகத் தடை; வனத்துறையின் கட்டுப்பாடுகள் உண்டு. இடிந்த கற்சுவர்களுக்கு நடுவே பூவும் புதுச்சேலையுமாக அம்மன் நிற்பாள். பெண்கள் வளையல் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். சாயங்காலம் ஆவதற்குள் காடு மறுபடி காடாகிவிடும். அங்கே அமர்க்களம் கிடையாது. ஆனாலும் அது திருவிழாதான். கொண்டாட்டத்துக்கு ஆரவாரம் கட்டாயமில்லை என்பதற்கு இந்த மலையே சான்று.

நாளுக்கு நல்லநாள்

‘நல்ல நாளும் அதுவுமா எதுக்குடி கண்ணக் கசக்குற?’ என்று ஒரு பாட்டி பேத்தியை அதட்டுவதில், ‘இப்படிப்பட்ட கொண்டாட்ட நாளில்’ என்ற முழுப்பொருளும் இருக்கிறது. ‘அதுவுமா’ என்ற சிறு சொல் அந்த நாளுக்குத் தனி மரியாதை கொடுக்கிறது. ‘நாள் கிழமைக்கு ஒரு புதுத்துணி எடுக்க வேண்டாமா?’ என்பதில் ‘நாள் கிழமை’ என்பதே பண்டிகை.

நாளின் பெயர் சமயத்துக்கு ஏற்ப மாறும். உத்தமபாளையம், கம்பம் முஸ்லிம்களுக்கு அது பெருநாள். நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள் என்று வகைப்படுத்துவார்கள். ராயப்பன்பட்டி போன்ற கத்தோலிக்க ஊர்களில் மாதாவுக்கும் புனிதர்களுக்கும் திருவிழாவும் தேர்பவனியும் நடக்கும். மொழியும் மாறும். இந்தப் பள்ளத்தாக்கில் வீட்டில் கன்னடம் பேசுவோரும் தெலுங்கு பேசுவோரும் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். கன்னடத்தில் பண்டிகைக்கு ‘ஹப்ப’ என்று பெயர். தெலுங்கில் ‘பண்டுக’, தமிழின் பண்டிகை அதற்கு நெருங்கிய உறவு. கம்பத்தில் உள்ள நந்தகோபாலன் கோயில் தம்பிரான் மாட்டுத் தொழுவில் மாட்டுப் பொங்கலன்று நாட்டு மாடுகளையும் பட்டத்துக் காளையையும் வணங்க மக்கள் திரள்வார்கள். அந்தக் கூட்டத்தில் எந்த வீட்டுமொழி பேசுகிறவரும் இருப்பார்.

ஜனவரி 15ஆம் தேதி இந்தப் பள்ளத்தாக்குக்கே உரிய ஒரு நல்லநாள். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுயிக் 1841இல் பிறந்த நாள் அது. அவர் கட்டிய அணை 1895 அக்டோபர் 10 அன்று திறக்கப்பட்டது. மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திரும்பியது. பள்ளத்தாக்கில் இருபோக நெல் விளையும் 14,707 ஏக்கர் அந்தத் தண்ணீரை நம்பியுள்ளது. பாலார்பட்டி உள்ளிட்ட ஊர்களில் பென்னிகுயிக் பெயரால் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் உள்ளது. அது திறக்கப்பட்டதும் 2013ஆம் ஆண்டு இதே ஜனவரி 15 அன்றுதான். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் படத்துக்கு முன்னால் புதுப்பானை வைத்து, பால் பொங்கும்போது குலவையிடும் பெண்களைப் பார்த்தால், கொண்டாடு என்ற வினைக்குத் தனதாக ஏற்றுக்கொள்ளுதல் என்ற பொருள் ஏன் பொருந்துகிறது என்பது தெளிவாகும்.

களை இழந்தால்

ஒரு சொல்லின் பொருளை அதன் எதிர்ச்சொல் இன்னும் துலக்கமாகக் காட்டும். கொண்டாட்டம் இல்லாத ஊரைத் தமிழ் ‘களை இழந்தது’, ‘வெறிச்சோடியது’, ‘பொலிவிழந்தது’ என்கிறது. 2020 சித்திரையில் பொது முடக்கத்தால் வீரபாண்டித் திருவிழா நடக்கவில்லை. ராட்டினம் வராத அந்தத் திடலைச் சொல்ல வெறிச்சோடியது என்ற சொல்லே போதும். துக்கம் நடந்த வீட்டில் அந்த ஆண்டு பண்டிகை கிடையாது. ‘அவங்களுக்கு இந்த வருஷம் நாள் கிழமை இல்லை’ என்று அக்கம்பக்கத்தார் தாழ்ந்த குரலில் சொல்வார்கள். ஆனாலும் பலகாரம் சுட்டால் அந்த வீட்டுக்கு ஒரு தட்டு கட்டாயம் போகும்.

மொழிபெயர்க்கும்போது

மேலே சொன்னவற்றிலிருந்து எளிய வழி ஒன்று கிடைக்கிறது. ஆங்கில வாக்கியத்தில் ‘ஃபெஸ்டிவ்’ வந்தால், முதலில் எது அப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஊர், கோயில், நகரம் என்றால் ‘விழாக்கோலம் பூண்டது’. கடைவீதி, முகம், அரங்கு என்றால் ‘களை கட்டியது’. வீடு என்றால் ‘விசேஷ வீடு’ அல்லது ‘கல்யாண வீடு மாதிரி’. கூட்டம், பேச்சு என்றால் ‘கலகலப்பு’. காலம், விற்பனை, ரயில் என்றால் ‘பண்டிகைக் கால’. உணவு என்றால் ‘விருந்து’. உடை என்றால் ‘புதுத்துணி’ அல்லது ‘பட்டு உடுத்தி’. ‘ஃபெஸ்டிவ் மூட்’ என்பதைப் ‘பண்டிகை மனநிலை’ என்று எழுதினால் மருத்துவ அறிக்கை போல ஒலிக்கும். ‘பண்டிகைக் களை வந்துவிட்டது’ என்றால் எல்லாருக்கும் புரியும்.

விளம்பரம் எழுதுபவர்களும் பாடநூல் எழுதுபவர்களும் செய்தியாளர்களும் இந்தச் சொற்களை அகராதியில் தேடுவதற்கு முன் தங்கள் ஊரில் தேட வேண்டும். சாமி கும்பிடு, சாட்டு, தேவை, செய்முறை போன்ற சொற்கள் அச்சில் குறைவாகவே வருகின்றன. அழைப்பிதழ்களில் எல்லாமே ‘விழா’ ஆகிவிட்டது. பேச்சில் உள்ளவரை இவை வாழும். எழுத்திலும் ஏறினால் அடுத்த தலைமுறைக்கும் போய்ச் சேரும். அடுத்த முறை வீட்டில் நல்லது நடக்கும்போது, அழைப்பிதழில் ஒரு வரியாவது ஊர் பேசும் சொல்லில் இருக்கட்டும்.